போகிமான் போட்டிக்கு அணி அமைப்போம்: ஆறு பேர், ஒரு அட்டவணை

என் மகள் வெளியூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிறு மாலை போன் செய்தால் "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்பா" என்ற இரண்டு வரிகளோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு நாள் அவளே, "அப்பா, புது கம்ப்யூட்டர்தான் வாங்கிட்டீங்களே, என்னோட போகிமான் விளையாட வாங்க" என்றாள். கார்ட்டூனில் பார்த்த மஞ்சள் நிற எலியைத் தவிர எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் சரி என்றேன்.

முதல் ஆட்டத்தில் சில நிமிடங்களில் தோற்றேன். அதற்குப் பின் நான் கற்றுக் கொண்டதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கம்ப்யூட்டர் வாங்கி, மவுஸ் பிடிக்கவும் பிரவுசர் திறக்கவும் பழகிவிட்டீர்கள் என்றால் போதும். விளையாட்டோடு சேர்த்து எக்செல்லில் ஒரு நல்ல வசதியையும் கற்றுக் கொள்ளலாம்.

போகிமான் என்பது என்ன?

கேம் ஃப்ரீக் நிறுவனத்தைத் தொடங்கிய சடோஷி தஜிரியின் எண்ணத்தில் உருவான விளையாட்டு இது. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காக வெளியானது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட போகிமான்கள் உள்ளன. உங்களிடம் ஆறு, எதிராளியிடம் ஆறு. ஒவ்வொன்றும் நான்கு தாக்குதல் முறைகளை மட்டுமே வைத்துக் கொள்ள முடியும். ஒவ்வொரு சுற்றிலும் தாக்கலாம், அல்லது களத்தில் இருப்பதை உள்ளே அழைத்து வேறொன்றை அனுப்பலாம். எதிராளியின் ஆறும் வீழ்ந்தால் நீங்கள் வென்றீர்கள்.

விளையாட்டுக் கருவி இல்லாதவர்களுக்கு "போகிமான் ஷோடவுன்" என்ற இணையதளம் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய இது இலவசம். பிரவுசரிலேயே இயங்கும். எதையும் டவுன்லோட் செய்யத் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தோற்ற அன்று இரவு, வெல்லும் அணியைத் தானே அமைத்துத் தரும் என்று சொன்ன ஒரு புரோகிராமை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கினேன். நல்ல வேளையாக ஆன்டிவைரஸ் கத்தியது, அழித்துவிட்டேன். இந்த விளையாட்டுக்காக எந்த இஎக்ஸ்இ ஃபைலும் உங்களுக்குத் தேவைப்படாது என்பதை நினைவில் வையுங்கள்.

உள்ளே நுழைவது எப்படி?

1. பிரவுசரைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் ப்ளே டாட் போகிமான்ஷோடவுன் டாட் காம் என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

2. வலது மேல் மூலையில் "சூஸ் நேம்" என்ற பட்டன் இருக்கும். அதைக் கிளிக் செய்து ஒரு பெயர் கொடுங்கள். உங்கள் உண்மைப் பெயர் வேண்டாம், ஒரு புனைபெயர் போதும்.

3. முதலில் "ரேண்டம் பேட்டில்" என்ற பிரிவில் நாலைந்து ஆட்டம் ஆடிப் பாருங்கள். இதில் அணியைக் கம்ப்யூட்டரே தந்துவிடும். பட்டன்கள் பழகிவிடும்.

4. பழகிய பின் "டீம்பில்டர்" பட்டனைக் கிளிக் செய்யுங்கள். "நியூ டீம்" என்பதைத் தேர்வு செய்து, விளையாட்டுப் பிரிவாக ஆறாம் தலைமுறை "ஓயூ" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஏன் ஆறாம் தலைமுறை என்ற சந்தேகம் எழலாம். 2013-ல் எக்ஸ், ஒய் என்ற இரு விளையாட்டுகளுடன் தொடங்கிய இந்தத் தலைமுறையில் 721 போகிமான்களே உள்ளன.  புதியவர்கள் நிதானமாகப் படிக்க ஏற்றது.

நான் செய்த தவறு

பலசாலிகளாகப் பொறுக்கினால் வெற்றி நிச்சயம் என்று நினைத்தேன். டிராகன் வகையினர் பலசாலிகள் என்று கேள்விப்பட்டு டிராகனைட், சலமென்ஸ், கார்சோம்ப், ஹாக்சோரஸ், ஹைட்ரைகான், கூட்ரா என்று ஆறு டிராகன்களைச் சேர்த்தேன். மகள் வீவைல் என்ற ஐஸ் வகைப் போகிமானை இறக்கினாள். என் ஆறு பேரையும் அது ஒன்றே வீழ்த்தியது.

"அப்பா, நீங்க ஆறு பேரைச் சேர்க்கல. ஒரே ஆளை ஆறு தடவை சேர்த்திருக்கீங்க" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். ஒவ்வொரு போகிமானுக்கும் ஒன்று அல்லது இரண்டு வகைகள் உண்டு. மொத்தம் 18 வகைகள். வாட்டர் ஃபயரை அணைக்கும், ஃபயர் கிராஸை எரிக்கும், கிராஸ் வாட்டரைக் குடிக்கும் என்பது போன்ற உறவுகள் அவற்றுக்குள் இருக்கின்றன. பலவீனமான வகையில் அடி வாங்கினால் சேதம் இரண்டு மடங்கு. இரண்டு வகைகளும் பலவீனமாக இருந்தால் நான்கு மடங்கு. தாங்கும் வகை என்றால் பாதி அல்லது கால் பங்கு. சிலவற்றில் சேதமே இல்லை, பூஜ்யம். டிராகன் வகைக்கு ஐஸ், டிராகன், ஃபேரி மூன்றும் ஆகாது. ஆறு டிராகன்களுக்கும் ஒரே எதிரி!

எக்செல் அட்டவணை

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எக்செல் போதும். எக்செல் இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபிஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

1. முதல் வரிசையில், இரண்டாவது கட்டத்திலிருந்து உங்கள் ஆறு போகிமான்களின் பெயர்களை டைப் செய்யுங்கள்.

2. முதல் பத்தியில், மேலிருந்து கீழாக 18 வகைகளையும் டைப் செய்யுங்கள்.

3. ஒவ்வொரு கட்டத்திலும், அந்த வகைத் தாக்குதல் அந்தப் போகிமானுக்கு எத்தனை மடங்கு என்று எழுதுங்கள். 4, 2, 1, 0.5, 0.25, 0 ஆகியவற்றில் ஒன்றுதான் வரும். மாற்றம் இல்லை என்றால் 1 எழுதுங்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்.

4. எண்கள் உள்ள பகுதி முழுவதையும் மவுஸால் இழுத்து செலக்ட் செய்யுங்கள். ஹோம் டேபில் "கண்டிஷனல் ஃபார்மேட்டிங்", அதில் "ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ்", அதில் "கிரேட்டர் தேன்" என்று செல்லுங்கள். கட்டத்தில் 1 என்று டைப் செய்து, சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள்.

5. மீண்டும் அதே வழியில் சென்று "லெஸ் தேன்" என்பதைத் தேர்வு செய்து, 1 என்று டைப் செய்து, பச்சை நிறம் கொடுங்கள்.

இப்போது பலவீனங்கள் சிவப்பாகவும் தாங்கும் இடங்கள் பச்சையாகவும் தெரியும். என் டிராகன் அணியை இப்படிப் போட்டுப் பார்த்தேன். ஐஸ் வரிசையில் 4, 4, 4, 2, 2, 2. டிராகன் வரிசையில் ஆறும் 2. ஃபேரி வரிசையில் ஐந்து 2, ஹைட்ரைகானுக்கு மட்டும் 4. மூன்று வரிசைகள் முழுச் சிவப்பு. ஆட்டம் தொடங்கும் முன்பே நான் தோற்றிருந்தேன்.

எளிய விதி இதுதான். ஒரு வரிசையில் மூன்று சிவப்பு வந்தால் அணியை மாற்றுங்கள். சிவப்பு உள்ள ஒவ்வொரு வரிசையிலும் குறைந்தது ஒரு பச்சையாவது இருக்க வேண்டும். அந்தப் பச்சைதான் ஆபத்தில் நீங்கள் மாற்றி அனுப்பப் போகும் ஆள்.

ஆளுக்கு ஒரு வேலை

இந்த விதியை வைத்து நான் அமைத்த இரண்டாவது அணி இது.

கார்சோம்ப்: டிராகன், கிரவுண்ட் வகை. முதலில் இறங்கி "ஸ்டெல்த் ராக்" போடுவது இதன் வேலை. அதன் பிறகு எதிராளி யாரை உள்ளே அனுப்பினாலும் கற்கள் குத்தும். சாதாரணமாக எட்டில் ஒரு பங்கு உயிர் போகும். ராக் வகைக்கு நான்கு மடங்கு பலவீனமான சாரிசார்டு என்றால் பாதி உயிர் போய்விடும்.

ரோட்டம் வாஷ்: எலக்ட்ரிக், வாட்டர் வகை. வாஷிங் மெஷினுக்குள் புகுந்த பேய்! "வோல்ட் ஸ்விட்ச்" மூலம் அடித்துவிட்டு உடனே வேறொருவருக்கு இடம் கொடுக்கும். "வில்-ஓ-விஸ்ப்" மூலம் எதிரியைச் சுட்டு, அதன் உடல் பலத் தாக்குதலைப் பாதியாக்கும்.

ஃபெரோதார்ன்: கிராஸ், ஸ்டீல் வகை. அணியின் சுவர். "லீச் சீட்" போட்டு எதிரியின் உயிரை ஒவ்வொரு சுற்றிலும் உறிஞ்சும்.

ஹீட்ரான்: ஃபயர், ஸ்டீல் வகை. ஃபெரோதார்னுக்கு ஃபயர் நான்கு மடங்கு ஆகாது. ஹீட்ரானுக்கோ "ஃபிளாஷ் ஃபயர்" என்ற திறமை உண்டு. அதன் மேல் ஃபயர் பட்டால் சேதம் இல்லை, அதன் சொந்த ஃபயர் தாக்குதல் மேலும் வலுக்கும்.

கிளெஃபேபிள்: ஃபேரி வகை. டிராகன் தாக்குதல் இதற்குப் பூஜ்யம். "கால்ம் மைண்ட்" மூலம் பலத்தை ஏற்றிக் கொண்டு ஆட்டத்தின் கடைசியில் முடித்து வைக்கும்.

ஜெங்கர்: கோஸ்ட், பாய்சன் வகை. வேகமாக அடிப்பவர். ஃபைட்டிங் தாக்குதல் இதற்குப் பூஜ்யம்.

திறமைகள் வகை அட்டவணையில் வராது என்பதைக் கவனியுங்கள். இந்தத் தலைமுறையில் ரோட்டமுக்கும் ஜெங்கருக்கும் "லெவிடேட்" திறமை உண்டு. மிதப்பதால் கிரவுண்ட் தாக்குதல் படாது. எனவே அந்த இரு கட்டங்களிலும் 0 எழுத வேண்டும். அதே போல் ஹீட்ரானின் ஃபயர் கட்டத்திலும் 0.

இந்த அணியை அட்டவணையில் போட்டால் எந்த வரிசையிலும் இரண்டுக்கு மேல் சிவப்பு இல்லை. கார்சோம்ப் ஐஸுக்குப் பயந்தால் ரோட்டமும் ஹீட்ரானும் தாங்கும். ஹீட்ரான் கிரவுண்டுக்குப் பயந்தால் ரோட்டமும் ஜெங்கரும் சேதமின்றி நிற்கும்.

508 புள்ளிகள்

அணியைத் தேர்ந்தெடுத்த பின் ஒவ்வொன்றுக்கும் "ஈவி" என்ற பயிற்சிப் புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உயிர், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் என்று ஆறு தகுதிகள். ஒரு தகுதிக்கு அதிகபட்சம் 252, மொத்தம் 510. நூறாவது லெவலில் நான்கு புள்ளிக்கு ஒரு மதிப்பு கூடும் என்பதால் பயன்படுவது 508 தான். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிரித்துக் கொடுக்காதீர்கள். அடிப்பவருக்குத் தாக்குதலில் 252, வேகத்தில் 252, மீதி 4 உயிரில். தாங்குபவருக்கு உயிரிலும் தற்காப்பிலும்.

"நேச்சர்" எனப்படும் குணம் ஒரு தகுதியைப் பத்து சதவீதம் கூட்டி இன்னொன்றைப் பத்து சதவீதம் குறைக்கும். ஒரு கணக்குப் பாருங்கள். வேகத்தில் 252 புள்ளி பெற்ற கார்சோம்பின் வேகம் 303. வேகத்தைக் கூட்டும் "ஜாலி" குணம் கொடுத்தால் 333. முழு வேகத்தில் உள்ள சலமென்ஸின் வேகம் 328. 333 என்றால் நீங்கள் முதலில் அடிப்பீர்கள். 303 என்றால் அடி வாங்கிய பிறகுதான், அதுவும் உயிர் மிஞ்சியிருந்தால், அடிக்க முடியும்.

அணியைப் பத்திரப்படுத்துங்கள்

நீங்கள் அமைத்த அணி உங்கள் பிரவுசரில் சேமிக்கப்படுகிறது. பிரவுசரின் பழைய தகவல்களை எல்லாம் அழித்தால் அணியும் போய்விடும். எனவே டீம்பில்டரில் உள்ள "இம்போர்ட், எக்ஸ்போர்ட்" பட்டனைக் கிளிக் செய்து, வரும் எழுத்துகளைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டி சேவ் செய்து கொள்ளுங்கள். பின்னர் "வேலிடேட்" பட்டனை அழுத்தினால் அணி விதிகளுக்கு உட்பட்டதா என்பது தெரியும்.

உலகப் போட்டியில் ஒரு அணில்

பலசாலி அல்லாதவருக்கும் அணியில் வேலை உண்டு என்பதற்கு 2014-ல் வாஷிங்டன் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டி சாட்சி. அங்கே இருவர் இருவராகக் களமிறங்கும் ஆட்டம். தென் கொரியாவின் பார்க் சே-ஜுன் தன் அணியில் பச்சிரிசு என்ற சிறிய மின்சார அணிலைச் சேர்த்திருந்தார். யாரும் பெரிதாக மதிக்காத போகிமான் அது. அவருடைய கியாரடோஸுக்கு எலக்ட்ரிக் நான்கு மடங்கு ஆகாது. பச்சிரிசு "ஃபாலோ மீ" மூலம் எதிரியின் அடிகளைத் தன் பக்கம் இழுத்துக் கொள்ளும். வந்தது மின்சாரமாக இருந்தால் "வோல்ட் அப்சார்ப்" திறமையால் அதைக் குடித்து உயிரைக் கூட்டிக் கொள்ளும். பார்க் சாம்பியன் ஆனார்.

அடுத்த ஞாயிறு

புதிய அணியோடு மகளிடம் மீண்டும் தோற்றேன்! ஆனால் இந்த முறை ஆட்டம் நாற்பது சுற்றுகளைத் தாண்டியது. அவளுடைய ஜெங்கரை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை. அட்டவணையைத் திறந்து பார்த்தேன். கோஸ்ட் வரிசையில் ஒரு சிவப்பு இருக்கிறது, ஒரு பச்சைகூட இல்லை. நான் சொன்ன விதியை நானே கவனிக்கவில்லை.

என் ஜெங்கரை நீக்கி, டார்க், ஸ்டீல் வகையான பிஷார்ப்பைப் போட்டால் கோஸ்ட் வரிசையில் பச்சை வரும். ஆனால் ஃபைட்டிங் வரிசையில் மூன்று சிவப்பு வந்துவிடும். யாரை மாற்றலாம்? இதை உங்களுக்கு வீட்டுப் பாடமாக விடுகிறேன். குறையே இல்லாத அணி கிடைக்காது. உங்கள் அணியின் குறை எது என்று தெரிந்து ஆடுவதுதான் முக்கியம்.

அன்று அந்த ஒரு வரிசையைப் பற்றியே நானும் மகளும் முக்கால் மணி நேரம் போனில் பேசினோம். கடைசியில்தான் ஞாபகம் வந்து "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "ஐயோ, மெஸ் மூடியிருப்பாங்கப்பா!" என்று போனை வைத்துவிட்டு ஓடினாள்.