ஆய்வு மாணவனும் நெறியாளரும்

கலாநிதிப் பட்ட ஆய்வு, வகுப்பிற் பாடங்கேட்பதனின்றும் வேறானது. வகுப்பில் ஆசிரியர் அறிந்ததை மாணவன் கேட்டறிகின்றான். ஆய்விலோ ஆசிரியரும் அறியாததொன்றை மாணவன் தேடிக் கண்டு அவர்முன் வைக்கின்றான். இதனை உணர்ந்தோர்க்கே நெறியாளருடன் இசைந்து பணியாற்றுதல் எளிதாகும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பேராசிரியர் க. கைலாசபதி அவர்கள். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்று, பேராதனையிற் பட்டம் பெற்ற அவர், 1960களில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். நெறியாளராய் வாய்த்த ஜோர்ஜ் தொம்சன் கிரேக்கப் பேராசிரியர், தமிழறிஞர் அல்லர். ஆகவே, சங்கச் சான்றுகளை எடுத்து விளக்கும் பொறுப்பு மாணவரையே சார்ந்தது. பண்டைக் கிரேக்கப் பாடலையும் சமுதாயத்தையும் இணைத்து நோக்கும் முறை ஆசிரியர்பாற் கிடைத்தது. இருவர் அறிவும் கலந்ததன் பயனை, வீரயுகப் பாடல் பற்றி 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளியான ஆங்கில நூலிற் காணலாம். பேராசிரியர் கா. சிவத்தம்பியும் அதே நெறியாளரிடம் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்து 1970இற் கலாநிதியானார். நெறியாளர் ஒருவரே, மாணவர் சென்ற வழிகள் இரண்டு.

நம் மலையக மாணவர் சிறப்பாகக் கருத வேண்டியதொன்றுண்டு. துரைமுன்னும் கங்காணிமுன்னும் வாய்பொத்தி நின்ற தலைமுறைகளின் வழிவந்தோர் நாம். அவ்வழக்கம் பல்கலைக்கழகத்திலும் நம்மைத் தொடர்தல் கூடும். யாவற்றிற்கும் "சரி ஐயா" எனத் தலையசைத்து, விளங்காததை விளங்கியதாகக் காட்டி, ஈற்றில் ஆய்வையே கைவிட்டுத் திரும்பினால், இழப்பு அவர் ஒருவருக்கு மட்டுமன்று. லயத்திலிருந்து படிக்கப் புறப்படும் அடுத்த பிள்ளைக்கும் ஆகும். நெறியாளர் துரை அல்லர். பணிவு வேறு, அச்சம் வேறு. வினாவுதலும் வினாவியவற்றிற்கு விடையளித்தலும் மாணாக்கன் கடன் என நன்னூலாரும் வகுத்தனர்.

ஆதலின், சந்திக்கும் நாளை முன்னரே உறுதி செய்க. வெறுங்கையுடன் செல்லாது, எழுதியதைச் சில நாள் முன்பே கொடுத்து வைக்க. அவர் கூறியவற்றை அன்றே குறித்து, படியொன்றை அவருக்கும் அனுப்புக. பின்னர் மயக்கம் நேராது. கருத்து வேறுபடின் சான்று காட்டிப் பேசுக. வேலை தடைப்பட்டால் மறைத்தல் வேண்டா. மறைத்த திங்கள் ஒவ்வொன்றும் அடுத்த சந்திப்பைக் கடினமாக்கும்.

நெறியாளர் பக்கம் பக்கமாக வெட்டித் திருத்துவது கண்டு மனஞ் சோரற்க. கவ்வாத்து வெட்டிய தேயிலையே புதுக்கொழுந்து விடும் என்பது, மலைநாட்டார்க்கு எவரும் சொல்லித் தெரிய வேண்டுவதன்று.