பூட்டிய படம், திறந்த படம்

தம்பிக்கு ஒரு ஏக்கர் நிலம். சொட்டுநீர்க் குழாய் போட நினைத்தார். அதற்கு அரசு மானியம் உண்டு. மனுவுடன் சிட்டா, அடங்கல், புலப்படம் வைக்க வேண்டும்.

"அக்கா, புலப்படம் எடுத்துத் தர ஒருத்தர் 500 ரூபாய் கேட்கிறார். கொடுத்திடவா?" என்றார் தம்பி.

"அவசரப்படாதேப்பா. முதலில் பட்டாவைக் கொண்டு வா" என்றார் அக்கா.

அக்கா எழுத்தறிவு மையத்தில் படித்தவர். பட்டாவை எழுத்துக் கூட்டிப் படித்தார். புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் ஒரு தாளில் எழுதினார். மாவட்டம், வட்டம், கிராமம் பெயர்களையும் எழுதினார். அடுத்த வீட்டுப் பெண்ணின் செல்போனில் தமிழக அரசின் நில ஆவணப் பக்கத்தைத் திறந்தார்கள். விவரங்களைக் கொடுத்தார்கள். படம் வந்தது! பார்க்கக் கட்டணம் இல்லை. கடையில் அச்சு எடுக்கச் சில ரூபாய்தான் ஆனது.

"கோடு வயலின் எல்லை. பக்கத்தில் உள்ள எண், எல்லையின் நீளம்" என்று விரலால் காட்டினார் அக்கா.

"என் நிலத்தின் படத்தை இன்றுதான் பார்க்கிறேன் அக்கா" என்றார் தம்பி.

ஒன்றை மறக்கக் கூடாது. படத்தைப் பார்த்து நாமே எல்லைக் கல்லை நகர்த்தக் கூடாது. தகராறு இருந்தால் மனுக் கொடுக்க வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். நில அளவையர் வந்து அளந்து காட்டுவார்.

நாட்டுக்கும் படம் உண்டு

வயலுக்குப் படம் இருப்பது போல நாட்டுக்கும் படம் உண்டு. அதை வரைவது இந்திய நில அளவைத் துறை. இது 1767இல் தொடங்கியது. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே ஒரு பெரிய அளவைப் பணி ஆரம்பமானது. அங்கிருந்து நாடு முழுவதும் அளந்தார்கள்.

மலை, ஆறு, ஏரி, சாலை எல்லாம் வரைபடத்தில் உண்டு. மேடு எது, பள்ளம் எது என்றும் தெரியும். பஞ்சாயத்துக்குக் குடிநீர்க் குழாய் பதிக்க இது உதவும். மழைநீர் எங்கே தேங்கும் என்று அறிய உதவும்.

இந்தப் படங்கள் மக்களின் வரிப் பணத்தில் உருவானவை. ஆனாலும் பல படங்கள் நெடுங்காலம் எளிதில் கிடைக்கவில்லை. வரைபடம் தயாரிக்கவும் அனுமதி கேட்டு அலைய வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. இந்தியர்கள் முன் அனுமதி இல்லாமல் வரைபடம் தயாரிக்கலாம் என்றது. பொதுப் பணத்தில் செய்த படங்கள் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றது. நாட்டின் பாதுகாப்பு பற்றிய விவரங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு.

திறந்தால் என்ன லாபம்?

அமெரிக்க அரசிடம் லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோள்கள் உள்ளன. அவை வானத்திலிருந்து பூமியைப் படம் எடுக்கின்றன. முன்பு அந்தப் படங்களை விலைக்கு விற்றார்கள். மிக அதிகமாக விற்ற ஆண்டிலும் சுமார் 25,000 படங்கள்தான் போயின. 2008இல் இலவசம் என்று அறிவித்தார்கள். பிறகு ஒரே ஆண்டில் 10 லட்சத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டார்கள். பயிரைக் கவனிக்க, தண்ணீரைக் கணக்கிட, காட்டுத் தீயை அறியப் பயன்படுத்தினார்கள். 2017இல் மட்டும் இதனால் கிடைத்த பலன் 345 கோடி டாலர் என்று அந்நாட்டு அரசுத் துறை மதிப்பிட்டது.

இது எப்படி? ஒரு படி அரிசியை ஒரு வீட்டார் சமைத்தால் அடுத்த வீட்டாருக்கு இல்லை. படம் அப்படி அல்ல. ஆயிரம் பேர் பார்த்தாலும் குறையாது. பார்ப்பவர் கூடக் கூடப் பலனும் கூடும்.

ஆனால் படம் திறந்திருந்தால் மட்டும் போதாது. அதைப் படிக்கவும் தெரிய வேண்டும். அக்காவுக்குப் படிக்கத் தெரிந்தது. தம்பியின் 500 ரூபாய் மிஞ்சியது.

பேசிப் பார்ப்போம்

1. புலப்படம் பார்க்க என்னென்ன விவரங்கள் தேவை?
2. எல்லைத் தகராறு வந்தால் என்ன செய்ய வேண்டும்?
3. அரிசிக்கும் படத்துக்கும் என்ன வித்தியாசம்?
4. உங்கள் ஊருக்கு ஒரு படம் வரையுங்கள். ஏரி, கிணறு, பள்ளி, சாலை எங்கே என்று குறியுங்கள்.