தொட்டி மண் காயட்டும்

ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் மயிலாப்பூர் அடுக்கு மாடிகளில் பால்கனித் தொட்டிகள் கூடத்துக்குள் குடியேறிவிடும். மணி பிளான்ட், துளசி, வெற்றிலைக் கொடி, கறிவேப்பிலைக் கன்று எல்லாம் டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வரிசை கட்டி நிற்கும். கார்த்திகை பிறக்கும்போது காபி டம்ளர் மேலும் முகத்துக்கு நேராகவும் கறுப்பாக ஏதோ ஒன்று பறக்கத் தொடங்கும். கடிக்காது, ஆனால் விடவும் விடாது.

இது என்ன பூச்சி என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வாழைப்பழத்தைச் சுற்றினால் பழ ஈ. குளியலறைச் சுவரில் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சாக்கடை ஈ. தொட்டியை லேசாகத் தட்டியதும் மண்ணிலிருந்து கிளம்பி, கொஞ்சம் தள்ளாடிப் பறந்து, மறுபடி அதே மண்ணில் இறங்கி ஓடினால் அது ஃபங்கஸ் நேட். சிப்பிக் காளான் வளர்ப்பவர்களைப் பாடாய்ப்படுத்தும் ஈயும் இதே குடும்பம்தான். டெங்கு சீசனில் மாநகராட்சி ஊழியர்கள் வந்து தொட்டித் தட்டைத் தூக்கிப் பார்ப்பது ஏடிஸ் கொசுப் புழுவுக்காக. அது தேங்கிய தண்ணீரில் வளரும், இது ஈர மண்ணில். கொசுவர்த்தியும் கொசு பேட்டும் பறப்பதைத்தான் தீர்க்கும். முட்டையும் புழுவும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும்.

சந்தேகமாக இருந்தால் உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி மண்மேல் அழுத்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால், கண்ணாடி நூல் மாதிரிப் புழுக்கள் நெளியும். உடம்பு வெளுத்து, உள்ளே இருக்கும் குடல்கூடத் தெரியும். தலை மட்டும் பளபளவென்று கறுப்பு. மேல்மண்ணில் ஓரிரு அங்குலத்துக்குள்தான் இவை இருக்கும். பூஞ்சையையும் மக்கலையும் தின்பவை, கூட்டம் பெருகினால் மெல்லிய வேரையும் கடிக்கும். பெரிய மணி பிளான்ட் தாங்கும். புதினா, துளசி நாற்று தாங்காது. தண்ணீர் இருந்தும் வாடி நிற்கும்.

நம் ஊரில் இது ஏன் மழைக்காலத்து வியாதி? சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டுகிறது. வீட்டுக்குள் வந்த தொட்டியில் மழை விழாது, உண்மைதான். ஆனால் வெயில் இல்லை, காற்றில் ஈரம், செடி குடிப்பதும் குறைவு. நாம் மட்டும் சித்திரையில் ஊற்றிய அதே சொம்புத் தண்ணீரை ஊற்றுகிறோம். போதாததற்கு அரிசி களைந்த கழுநீர், டீத்தூள் சக்கை. வெயில் காலத்தில் மொட்டை மாடியில் இதெல்லாம் சரி. மழைக்காலத்தில் கூடத்தில் வைத்த தொட்டிக்குக் கழுநீர் விடுவது பூஞ்சைக்குப் பந்தி விரிப்பதுதான். நர்சரித் தொட்டிகளில் அடைத்திருக்கும் தேங்காய் நார்க்கழிவும் ஈரத்தை லேசில் விடாது.

தொட்டி மண்ணைக் காய விட வேண்டும் என்று எதிர் வீட்டு மாமியிடம் சொன்னபோது பதறிவிட்டார். "துளசிக்கு ஜலம் விடாம எப்படிம்மா இருக்கறது?" நியாயமான கேள்வி. "சொம்பு வேண்டாம் மாமி, உத்தரணியால விடுங்கோ" என்றேன். பூஜையும் நடந்தது, மண்ணும் காய்ந்தது.

என் அனுபவத்தில் மற்ற எல்லா வைத்தியமும் மண்ணைக் காய விடுவதற்கு அடுத்துதான். விரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மேலே ஒட்டியிருக்கும் பச்சைப் பாசியைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஓர் அங்குலம் கழுவிய மணல் பரப்பலாம். மேல்பரப்பு சீக்கிரம் காயும். பிறகு தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். அரை மணியில் தட்டைக் கவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏடிஸுக்கு வீடு கொடுத்ததாகும்.

மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி மண்ணை ஒட்டிச் செருகினால் பறப்பவை ஒட்டிக்கொள்ளும். அட்டையால் மட்டும் பூச்சி ஒழியாது. வாரா வாரம் எவ்வளவு குறைகிறது என்று காட்டும், அந்த மட்டில் மிகவும் உபயோகம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய இரண்டு சொட்டு சோப்புத் திரவம், மண் நனைய ஊற்றலாம். வேப்பம் புண்ணாக்கைத் தூளாக மேலே தூவுவதை இந்த மாதங்களில் தவிர்த்துவிடுங்கள். ஈரத்தில் அதன் மேலேயே பூஞ்சை பூக்கும்.

மண்ணில் ஊற்ற இன்னொரு மருந்தும் உண்டு. பி.டி.ஐ. என்ற பாக்டீரியா 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்டது. கொசுப் புழு தின்றால் அதன் குடலைக் குலைக்கும். நேட் புழுவுக்கும் அதே கதிதான். புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆரின் ஆராய்ச்சி மையம் இதில் ஒரு ரகத்தை உருவாக்கியிருக்கிறது. கிடைத்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கரைத்து வாரம் ஒருமுறை ஊற்றுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு மாதம் விடாமல் செய்ய வேண்டும். முட்டையிலிருந்து ஈ ஆக மூன்று நான்கு வாரம் பிடிக்கும், ஒரு பெண் ஈ 200 முட்டை வரை இடும். பாதியில் விட்டவர்கள்தான் "எதுவும் வேலை செய்யல" என்கிறார்கள்.

நர்சரியில் புதுச் செடி வாங்கி வந்தால் அதை இரண்டு மூன்று வாரம் தனியாக, மஞ்சள் அட்டை ஒன்று செருகி, பால்கனியிலேயே வையுங்கள். அட்டை சுத்தமாக இருந்தால் மட்டும் மற்ற தொட்டிகளோடு சேருங்கள்.