கடல் கடந்த மொழிக்கல்வி: தமிழும் ஜப்பானியமும்

நுழையும்முன்
பிறமொழி ஒன்றைக் கற்க அம்மொழி வழங்கும் நாட்டிற்கே செல்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். தமிழ்மண்ணுக்கும் ஜப்பானுக்கும் இடையே இத்தகைய போக்குவரவு ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை. இங்கிருந்து சென்றோரும் அங்கிருந்து வந்தோரும் மொழியைக் கற்றதோடு நிற்காமல், தம் மொழியையே புதிய கண்கொண்டு நோக்கினர். அந்த வரலாற்றையும் ஜப்பானிய மொழியின் இயல்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அறுபது வயதில் அகரம்

டோக்கியோவிலுள்ள கக்குசுயின் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சுசுமு ஓனோ, 1919இல் பிறந்தவர். பழைய ஜப்பானிய மொழி அகராதி ஒன்றைத் தொகுத்தளித்து நாடறிந்த அறிஞராக விளங்கியவர். ஜப்பானிய மொழியின் தோற்றம் குறித்த வினா வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது. அவ்வினாவுக்கு விடைதேடி, அறுபது வயதை எட்டிய நிலையில் தமிழ் கற்கத் தொடங்கினார். சென்னைக்கு வந்து பேராசிரியர் பொற்கோவின் துணையுடன் தமிழ் பயின்றார். புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவர் உயிரெழுத்திலிருந்து மாணவராகத் தொடங்குவது எளிய செயலன்று.

எதிர்த்திசையில் பயணம் செய்தவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும் அவர்தம் துணைவியார் மனோன்மணி சண்முகதாசும் ஆவர். இருவரும் டோக்கியோ சென்று ஓனோவுடன் இணைந்து ஆய்வு செய்தனர். மூவரும் சேர்ந்து எழுதிய, தமிழர், ஜப்பானியர் ஆகியோரின் உலகநோக்கையும் சடங்குகளையும் ஒப்பிடும் நூல் 1985இல் வெளிவந்தது. ஜப்பானின் பழம்பெரும் பாடல் தொகுப்பாகிய மன்யோசுவைச் சங்க அகப்பாடல்களோடு ஒப்பிட்டு மனோன்மணி எழுதினார். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி அத்தகைய ஒப்பீட்டைச் செய்ய இயலாது. மூலமொழியின் சொல்லும் அதன் குறிப்பும் புலப்பட்டால்தான் ஒப்பீடு பொருளுடையதாகும்.

இலக்கணம் என்னும் தெரிந்த வீடு

ஆங்கிலம் தாய்மொழியாக உடைய மாணவர் ஜப்பானிய வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்க நேரிடும். தமிழ் மாணவருக்கு அத்தொல்லை இல்லை. ‘தாரோ வா தோக்கியோ நி இகு’ என்னும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலே ‘தாரோ டோக்கியோவுக்குப் போகிறான்’ எனத் தமிழ்த்தொடர் கிடைத்துவிடும். எழுவாய் முன்னும் பயனிலை இறுதியிலும் நிற்கின்றன. ‘கு’ உருபு நிற்குமிடத்தில் ‘நி’ நிற்கிறது.

எண்ணும்மையும் அவ்வாறே. ‘தாரோ மோ ஹனாகோ மோ’ என்றால் தாரோவும் ஹனாகோவும். ‘தாரே’ என்பது ‘யார்’. அதனோடு ‘மோ’ சேர்ந்து எதிர்மறை வினை வந்தால் ‘யாரும் இல்லை’ என்னும் பொருள் தரும். ‘யார்’ என்னும் வினாச்சொல் உம்மை பெற்று ‘யாரும்’ ஆவதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறமொழி ஒன்றில் அதே அமைப்பைக் காணும்போதுதான் நம் வாயில் அன்றாடம் வழங்குவதன் இலக்கணம் விளங்குகிறது.

இவற்றினும் வியப்பளிப்பவை துணைவினைகள். ‘தபெதெ மிரு’ என்பதில் ‘தபெதெ’ சாப்பிட்டு என்னும் வினையெச்சம், ‘மிரு’ பார்த்தல். இரண்டும் சேர்ந்து ‘சாப்பிட்டுப் பார்’ என்பது போன்றே முயன்று பார்த்தலைக் குறிக்கின்றன. ‘கத்தெ ஒகு’ என்பது ‘வாங்கி வை’. வீட்டை விட்டு வெளியே புறப்படும் ஜப்பானியர் ‘இத்தெ கிமாஸ்’ என்பர். அதன் நேர்பொருள் ‘போய் வருகிறேன்’. ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்லிப் புறப்படுவதை நம் பாட்டிமார் பொறுப்பதில்லை. அங்கும் அப்படித்தான்.

சுட்டுச்சொற்கள் தனிக் கவனத்திற்குரியவை. ஜப்பானியத்தில் ‘கோரே’ பேசுவோரின் அருகிலுள்ளது, ‘சோரே’ கேட்போரின் அருகிலுள்ளது, ‘அரே’ இருவருக்கும் தொலைவிலுள்ளது, ‘தோரே’ வினா. அ, இ, உ என மூன்று சுட்டுகளைத் தொல்காப்பியம் கூறும். அவற்றுள் உகரச் சுட்டு தமிழகப் பேச்சுவழக்கில் மறைந்துபோயிற்று. யாழ்ப்பாணத் தமிழிலோ கேட்பவர் கையிலுள்ள பொருளை ‘உது’ என்று சுட்டுவது இன்றும் உண்டு. ஆகவே, ‘சோரே’ என்பதை விளங்கிக்கொள்ளச் சென்னை மாணவருக்கு ஒரு பாடம் தேவைப்படும். யாழ்ப்பாண மாணவருக்கு ஒரு சொல்லே போதும்.

ஒப்புமையும் உறவும்

இத்தகைய ஒப்புமைகளைக் கண்ட ஓனோ, தமிழுக்கும் ஜப்பானியத்திற்கும் வரலாற்று உறவு உண்டு என்னும் கருதுகோளை முன்வைத்தார். ஏறத்தாழ 500 சொற்களை இணையாகக் காட்டினார். வடகிழக்கு ஜப்பானில் ஜனவரித் திங்கள் நடுப்பகுதியில் ‘ஹொங்கரா ஹொங்கரா’ என்று கூவிக் காக்கைக்கு உணவிடும் வழக்கத்தைப் பொங்கலோடு ஒப்பிட்டார். நெல்வேளாண்மையோடு தமிழ்ச்சொற்களும் கடல் கடந்து சென்றிருக்கலாம் என்று பிற்காலத்தில் விளக்கினார்.

இக்கருதுகோளைப் பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கவில்லை. மறுத்தவர்கள் தமிழை மதியாதவர்கள் என்று எண்ணிவிடலாகாது. அவர்களுடைய காரணங்கள் வலிமையானவை. வினை இறுதியில் வருவதும் உருபு பெயருக்குப் பின் நிற்பதும் கொரியம், மங்கோலியம், துருக்கியம் ஆகியவற்றிலும் உண்டு. ‘சாப்பிட்டுப் பார்’ என்னும் அமைப்பு கொரியத்திலும் உள்ளது. அமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் மொழிகள் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிடா. சொற்களிலும் எச்சரிக்கை தேவை. வயலைக் குறிக்கும் ‘தம்போ’ என்னும் ஜப்பானியச் சொல்லைச் சேற்றுவயலைக் குறிக்கும் ‘தம்பல்’ என்பதோடு இணைக்கத் தோன்றும். காவிரிப் படுகை உழவர் நாவில் ‘தம்பலடித்தல்’ இன்றும் வழங்குவதால் அந்த ஆசை நமக்கு இன்னும் மிகும். ஆனால், ‘வயலின் முகம்’ எனப் பொருள்படும் ‘தா நோ மோ’ என்னும் தொடர் மருவியே அச்சொல் தோன்றிற்று என்னும் விளக்கமும் ஜப்பானில் உண்டு. ஓரிரு சொற்கள் ஒலிப்பால் நெருங்குவது தற்செயலாகவும் நிகழலாம். ஒலிமாற்றங்கள் ஒழுங்காகவும் தொடர்ந்தும் அமைந்தால்தான் மொழியுறவு நிறுவப்படும்.

ஓனோ 2008இல் மறைந்தார். கருதுகோள் நிலைபெறாவிடினும், அதன் பொருட்டுத் தமிழ் கற்ற ஜப்பானியரும் ஜப்பானியம் கற்ற தமிழரும் எழுதிய ஒப்பியல் நூல்கள் நமக்குக் கிடைத்துள்ளன.

தெரிந்து தெளிவோம்
ஜப்பானிய அசையெழுத்துகளை அ, இ, உ, எ, ஒ என்னும் உயிர்வரிசையிலும் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்னும் மெய்வரிசையிலும் அடுக்குவர். இவ்வரிசையில் உள்ள ‘ஹ’ பழங்காலத்தில் ‘ப’ என ஒலித்தது. நம் நெடுங்கணக்கோடு இஃது இயைவதற்குக் காரணம் மொழியுறவன்று, பௌத்தம். கி.பி. 804இல் சீனம் சென்ற கூக்காய் என்னும் ஜப்பானியத் துறவி, அங்கு வாழ்ந்த பிரக்ஞர் என்னும் இந்தியத் துறவியிடம் வடமொழி பயின்றார். சித்தம் என்னும் இந்திய எழுத்துமுறையைத் துறவியர் கற்றதன் விளைவாகவே இந்த அடுக்குமுறை ஜப்பானில் உருவாயிற்று.

இடறும் இடங்கள்

தெரிந்த வீடு என்று நுழைந்தவரைத் தடுத்து நிறுத்துவது எழுத்து. ஹிரகானா, கதகானா என்னும் அசையெழுத்து வகைகள் இரண்டையும் சில வாரங்களில் கற்றுவிடலாம். மூன்றாவதாகிய கன்ஜி, சீனத்திலிருந்து பெற்ற சொல்லெழுத்து. பொதுப் பயன்பாட்டிற்கென அரசு வரையறுத்த கன்ஜி எழுத்துகள் 2136. எழுத்தொன்றுக்கு ஒலிப்பு ஒன்று என்னும் ஒழுங்கும் இல்லை. மனிதனைக் குறிக்கும் எழுத்து தனித்து நின்றால் ‘ஹிதோ’. ‘இந்தோ’ என்னும் நாட்டுப்பெயருக்குப் பின் ‘ஜின்’. மூன்றைக் குறிக்கும் எழுத்துக்குப் பின் ‘நின்’. எழுதி எழுதிக் கைக்குப் பழக்குவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

அடுத்தது மரியாதை வழக்கு. தன்மை, முன்னிலை, படர்க்கைக்கேற்ப விகுதி மாறாததால் ஜப்பானிய வினை எளிதாகத் தோன்றும். நான், நீ, அவன் யாவருக்கும் ‘இகு’ ஒன்றே. ஆனால், பெரியவர் செல்வதைக் கூற வேறு வினையும், பெரியவர்முன் தாம் செல்வதைப் பணிந்து கூற மற்றொரு வினையும் உண்டு. ‘வந்தார்’ என்பதை உயர்த்தி ‘எழுந்தருளினார்’ என்பது நமக்குத் தெரியும். தன் செயலைத் தாழ்த்துவதற்கென்றே தனி வினைச்சொற்கள் நம்மிடம் அத்தனை இல்லை. இவ்வழக்கு நூலைக் காட்டிலும் அம்மக்களோடு பழகுவதால் கைவரும். மொழி கற்க அந்நாட்டிற்கே செல்ல வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல காரணம் இல்லை எனலாம்.

செல்லும் வழி

பரிமாற்ற மாணவர் என்பவர் தம் பல்கலைக்கழகத்தின் மாணவராகவே இருந்துகொண்டு, ஒரு பருவமோ ஓராண்டோ அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பயில்பவர். இதற்கு இரு நிறுவனங்களிடையே உடன்பாடு வேண்டும். மேனிலைக் கல்வி முடித்தோருக்கு ஜப்பானியக் கல்வி அமைச்சின் உதவித்தொகைத் திட்டமும் உண்டு. தேர்வு பெற்றோர் முதல் ஓராண்டு ஜப்பானில் மொழியும் அடிப்படைப் பாடங்களும் கற்ற பின்னரே பட்டப்படிப்பில் சேர்வர். மொழித்திறனை அளக்கும் ஜப்பானிய மொழித்தகுதித் தேர்வு ஐந்து நிலைகளை உடையது, சென்னையிலும் நடத்தப்படுகிறது.

அயல்மொழி தொழிலோடு இணைந்து வருவது தமிழகத்திற்குப் புதிதன்று. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத்து நாட்டின் உதவியால் எழுந்தது. சுரங்கத்தின் மாபெரும் மண்வெட்டு எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. வளையமாதேவி, சேத்தியாத்தோப்பு முதலிய சுற்றுப்புற ஊர்களின் மாணவருக்கு இஃது அறிந்த செய்தியே. சென்னை மெட்ரோ இரயில் திட்டத்திற்கு இன்று ஜப்பானின் கடனுதவி கிடைக்கிறது. எனினும், வேலைவாய்ப்பை மட்டும் கருதி மொழி கற்பது அதன் பயனைக் குறுக்கிவிடும்.

நொபோரு கராஷிமா 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வந்து பயின்றவர். சோழர்காலக் கல்வெட்டுகளைத் தாமே படிக்கும் அளவிற்குத் தமிழ் கற்றார். திருச்சிராப்பள்ளியை அடுத்த அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய அண்டை ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, பிராமணர் ஊராகிய ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் உடைமையாகவும், அல்லூரில் ஊராரின் பொது உடைமையாகவும் இருந்ததைக் காட்டினார். பின்னர் எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் மனிதர் பெயர்களை அடைவாகத் தொகுத்தார். அவ்வடைவு 1978இல் வெளிவந்தது. கல்லில் பெயர் பொறிக்கப்பட்ட உழவரும் வணிகரும் அதிகாரிகளும் எந்த ஊரினர், எப்பட்டம் பெற்றோர், எவ்வளவு நிலம் விற்றோர் என்று கேட்க இன்றைய ஆய்வாளர் அவ்வடைவையே கையிலெடுக்கின்றனர்.