பாம்பு போய்விடும், கவலை போகுமா?

மாணவர்களே, விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டப் போனவரின் காலருகே ஒரு பாம்பு நெளிந்தால் அவர் உடலில் என்ன நடக்கும்?

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி, சிறுநீரகங்களுக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளை உடனே தூண்டிவிடும். அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரும். அடுத்து வரும் கார்டிசோல், கல்லீரலிலிருந்து இரத்தத்தில் சர்க்கரை சேரச் செய்யும். ஓடித் தப்பிக்க அதுதான் எரிபொருள். பாம்பு போனதும் சிறிது நேரத்தில் உடல் பழைய நிலைக்குத் திரும்பும்.

எல்லா ஆபத்தும் பாம்பைப் போல விலகிப் போவதில்லை. 1896இல் தான் சே யான் ரப்பர் பயிரிட்ட மலாக்காவில், தோட்டத்து வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். வாடகை, கடன், பிள்ளைகளின் படிப்பு என்று பட்டணத்திலும் கவலை தொடரும். உங்களுக்கோ எஸ்பிஎம் தேர்வு. இந்தக் கவலைகளுக்கும் உடல் அதே முறையில்தான் பதில் சொல்கிறது.

கார்டிசோல் மாதக்கணக்கில் மிகுந்திருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், தூக்கம் கெடும். ஆறுதலுக்காகப் புகையையும் இனிப்பையும் நாடுவோரும் உண்டு. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கான முக்கியக் காரணிகளில் மன அழுத்தத்தையும் சேர்த்தது.

மலேசியாவில் 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் உள்ளது. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே இந்நோய் அதிகம். மன அழுத்தம் மட்டுமே இதற்குக் காரணமன்று. பரம்பரை, உணவு, உடலுழைப்புக் குறைவு ஆகியவையும் சேர்கின்றன. ஆனால் இனிப்புநீர் உள்ளவருக்குக் கவலை கூடினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஆகவே, "மாத்திரை சாப்பிட்டீர்களா, தாத்தா?" என்று கேட்கும்போது, "நன்றாகத் தூங்கினீர்களா?" என்றும் கேளுங்கள்.

உங்கள் மனம் கனத்தால் பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. உதவி கேட்பது பலவீனமன்று.

செய்து பாருங்கள்: மணிக்கட்டில் நாடித் துடிப்பை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பிறகு ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். மீண்டும் எண்ணுங்கள். இரு எண்களையும் குறிப்பேட்டில் எழுதி ஒப்பிடுங்கள்.