பொருந்தாத வண்டி

குழந்தையை இடுப்பில் ஏந்திச் செல்லுதல் நம் நாட்டு வழக்கம். மேனாடுகளிலோ, குழந்தையைச் சிறு வண்டியிற் கிடத்தியும் இருத்தியும் தள்ளிச் செல்லுதல் பெருவழக்கு. இவ்வண்டியின் வரலாற்றை ஆங்கிலேயர் 1733-ஆம் ஆண்டளவிலிருந்து தொடங்கிக் கூறுவர். அக்காலத்தில் வில்லியம் கெண்ட் என்னும் கட்டடக் கலைஞர், தெவன்சயர்க் கோமகனின் குழந்தைகளுக்கென ஒரு வண்டி அமைத்துக் கொடுத்தார். சிப்பி வடிவான அவ்வண்டியை ஆடோ, சிறு குதிரையோ இழுத்துச் செல்லும். செல்வர் மனையின் விளையாட்டுப் பொருளாக இருந்த அது, விக்டோரியா அரசியார் காலத்திற் கைப்பிடி பெற்று, மனிதர் தள்ளும் வண்டியாகி, நடுத்தர மக்களின் இல்லங்களிலும் புகுந்தது. பெரிய சக்கரங்களும் கனத்த உடலும் கொண்ட அவ்வண்டிகள் பூங்காக்களில் உலாவுதற்கு ஏற்றவையேயன்றி, மாடிப்படி ஏற்றுதற்கும் ஊர்திகளில் எடுத்துச் செல்லுதற்கும் ஏற்றவையல்ல.

இக்குறையைப் போக்கியவர் ஓவன் மக்லாரன் என்னும் வானூர்திப் பொறியாளர். 'ஸ்பிட்பயர்' என்னும் போர் வானூர்தியின் தரையிறங்கும் சக்கரப் பகுதியை வகுப்பதிற் பங்கு கொண்டவர் அவர். முதுமையில், தம் பேத்தியின் வண்டி பயணத்துக்கு ஒவ்வாது தொல்லை தருதலைக் கண்ட அவர், இலேசான அலுமினியக் குழாய்களாற் குடைபோல் மடங்கும் வண்டி ஒன்றை வகுத்து, 1965-இல் அதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். பொருந்தாத வண்டியைக் கண்ட பாட்டனார் புதிய வண்டியையே ஆக்கிவிட்டார்! அஃது எல்லார்க்கும் கைகூடுவதன்று. ஏனையோர்க்கு உள்ள வழி, வாங்கிய வண்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தல். அவ்வாறு கொடுக்கும் உரிமை எப்போது உண்டு, எப்போது இல்லை என்பதை ஈண்டுக் காண்போம்.

வண்டி பொருந்தாமை இருவகைப்படும். சக்கரம் சுழலாமை, பூட்டு நில்லாமை, இடைவார் அறுதல் முதலியன வண்டியின் குற்றங்கள். இவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. மற்றொரு வகையே சிக்கலானது. வண்டியில் யாதொரு குற்றமும் இராது. ஆயினும், வாங்கியவருக்கு அஃது உதவாது. குடைபோல் மடங்கும் எளிய வண்டி, உட்காரக் கற்ற குழந்தைக்கு மிக ஏற்றது. பிறந்து சில நாட்களே ஆன மகவுக்கோ ஏற்றதன்று. கழுத்து நிலைபெறாத மகவு மல்லாந்து படுக்க வேண்டும். ஆதலின், சாய்மானம் போதிய அளவு தாழாத இருக்கையில் ஆறு திங்கள் நிரம்பாத குழந்தையை வைத்தலாகாது என்பது விதி. அவ்வாறே, பூங்காவில் அழகுற உருளும் வண்டி, அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கியுள் நுழையாமற் போகலாம்.

மடங்காத வண்டியால் விளையும் இடரைச் சிறிதென்று எண்ணற்க. 2012-ஆம் ஆண்டில், லீட்ஸ் நகருக்குச் செல்லும் பேருந்து ஒன்றில், சக்கர நாற்காலிக்கென ஒதுக்கிய இடத்தில் ஒரு தாய் தன் குழந்தை வண்டியை நிறுத்தியிருந்தார். சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் ஏற முற்பட்டபோது, ஓட்டுநர் இடம் விடுமாறு வேண்டினார். வண்டி மடங்காது என்று கூறித் தாய் மறுத்துவிட்டார். வந்தவர் ஏற இயலாது அடுத்த பேருந்துக்குக் காத்து நின்றார். அவ்வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஓட்டுநர் ஒருமுறை வேண்டிவிட்டு வாளா இருத்தல் போதாது என்று 2017-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. வண்டி மடங்குமா என்னும் சிறு வினா, முன்பின் அறியாத ஒருவரின் பயணத்தையும் தடுக்க வல்லதாயிற்று.

இனி, சட்டம் கூறுவதைக் காண்போம். 'வாங்குவோனே விழிப்பாயிருக்க' என்பது ஆங்கில நாட்டின் பழைய நெறி. பொருள் கைமாறிய பின் வணிகர்க்குப் பொறுப்பில்லை என்பது அதன் கருத்து. நீதிமன்றங்கள் சிறிது சிறிதாக அந்நெறியைத் தளர்த்தின. 1893-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் அத்தளர்வுகளைத் தொகுத்து எழுதியது. நம் நாட்டின் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் அதனையே பின்பற்றி அமைந்ததாதலின், அந்நாட்டு வழக்குகள் நமக்கு அயலானவையல்ல. அவற்றுள் இரண்டு அறியத்தக்கவை.

துணி வணிகர் ஒருவர் மருந்துக்கடையில் வெந்நீர்ப்பை ஒன்று வாங்கினார். அவர் மனைவியார் அதனைப் பயன்படுத்துகையில் அது வெடித்தது; அம்மையார் வெந்நீராற் புண்பட்டார். 'எதற்கு வாங்குகின்றீர் என்பதை நீர் கூறவில்லையே' என்னும் வாதம் 1903-இல் மன்றத்தில் எடுபடவில்லை. வெந்நீர்ப்பைக்கு ஒரே பயன்தான் உண்டு. அதனை வாய்விட்டுச் சொல்ல வேண்டுவதில்லை என்றனர் நீதிபதிகள். மற்றொரு வழக்கில், ஓர் அம்மையார் கம்பளி மேலாடை வாங்கி அணிந்தார். அவர் தோலில் நோய் கண்டது. ஏனையோர்க்குத் தீங்கு செய்யாத அத்துணி, இயல்பின் மிக்க மென்மை வாய்ந்த அவர் தோலுக்கே ஒவ்வாது போயிற்று. தம் தோலின் இயல்பை அவர் கடைக்காரரிடம் முன்னரே கூறினாரல்லர். எனவே, 1939-இல் அவர் வழக்குத் தோற்றது. இத்தீர்ப்பைக் கடுமையானது என்பாரும் உளர். எமக்கு அது நேரியதாகவே தோன்றுகின்றது. கூறாததை வணிகர் எங்ஙனம் அறிவார்?

இவ்விரு தீர்ப்புகளையும் வண்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரே கடையில், ஒரே வகை வண்டியைத் தாய்மார் இருவர் வாங்குவதாகக் கொள்வோம். முதல் தாய், நிறத்தையும் விலையையும் கண்டு வாங்கிச் செல்கின்றார். இரண்டாம் தாயோ, "ஐயா, என் வீடு மூன்றாம் மாடியில் உள்ளது. மின்தூக்கியின் வாயில் இருபத்தாறு அங்குல அகலமே. குழந்தை பிறந்து பத்து நாள் ஆகின்றது. இவ்வண்டி பொருந்துமா?" என்று வினவுகின்றார். "பொருந்தும் அம்மா; ஐயம் வேண்டா" என்கின்றார் கடைக்காரர். இருவர் வீட்டிலும் வண்டி வாயிலில் முட்டி நிற்கின்றது. இரண்டாம் தாய் உரிமையோடு திரும்பி வரலாம். அவர் தம் தேவையைச் சொல்லி, விற்பவரின் சொல்லை நம்பி வாங்கினார். முதல் தாய்க்கு அவ்வுரிமை இல்லை. கடைக்காரர் வாங்கிக்கொண்டால் அது நல்லெண்ணத்தாலோ, அக்கடை தானே வகுத்துக்கொண்ட ஏற்பாட்டாலோ ஆகும்.

பிரித்தனில் இன்று நடைமுறையில் உள்ளது 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். குற்றமுள்ள வண்டியையும், சொல்லி வாங்கிய பயனுக்கு உதவாத வண்டியையும் 30 நாட்களுக்குள் மறுத்து முழுத் தொகையையும் பெறலாம். அதன்பின் எனின், முதற்கண் செப்பனிடவோ மாற்றித் தரவோ வணிகர்க்கு ஒருமுறை வாய்ப்பளித்தல் வேண்டும். 'வண்டியைச் செய்த தொழிற்சாலைக்கு எழுதுக' என்று கடைக்காரர் கைகழுவுதல் செல்லாது. பணம் பெற்று விற்றவர் எவரோ, அவரே பொறுப்பாளர். பற்றுச்சீட்டுத் தொலைந்தது என்று மனம் தளர வேண்டுவதில்லை. வாங்கியதைக் காட்டும் வங்கிக் கணக்குக் குறிப்பும் சான்றாகும்.

கடைக்குச் செல்லாது இணையத்தின் வழி வாங்கியவர்க்குச் சட்டம் இன்னும் ஒருபடி இரங்குகின்றது. வண்டியைத் தொட்டுப் பார்க்கவும் மடக்கிப் பார்க்கவும் அவர்க்கு வாய்ப்பு இல்லையன்றோ? ஆதலின், வண்டி கைக்கு வந்த பின் 14 நாட்களுக்குள், காரணம் ஏதும் கூறாமலே, வேண்டா என்று அறிவிக்கலாம். அறிவித்த பின் அதனைத் திருப்பியனுப்ப மேலும் 14 நாட்கள் உண்டு. முதல் தாய் இவ்வழியில் வாங்கியிருப்பின் தப்பியிருப்பார்! ஆயினும், கடையிற் பார்ப்பது போல வீட்டிற் பார்த்தல் ஒன்று. சேற்றுத் தெருவிற் பத்து நாள் தள்ளிச் செல்லுதல் வேறு. அதனால் மதிப்புக் குறையுமாயின், அக்குறைவைத் தொகையிற் கழித்துக்கொள்ள வணிகர்க்கு உரிமை உண்டு.

இனி இரண்டாம் தாயின் செய்தி. அவர் வண்டியைத் தெருவில் இறக்காமல், உறையோடு வைத்து, தாம் கேட்டதையும் கடைக்காரர் விடையிறுத்ததையும் நாள் குறித்து எழுதிக்கொண்டு செல்லுதல் நன்று. 'பணம் தருவதில்லை, வேறு பொருள் எடுத்துக்கொள்க' என்று சுவரில் எழுதி வைத்திருப்பினும், அவ்வெழுத்து அவர் உரிமையைப் பறிக்காது. திருப்பித் தருதலைக் கடைக்காரர் ஒப்புக்கொண்ட நாள் தொடங்கி 14 நாட்களுக்குள், எவ்வழியிற் பணம் பெறப்பட்டதோ அவ்வழியிலேயே அதனைத் தந்துவிடல் வேண்டும்.

நம் நாட்டில், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குற்றமுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுத்தல் முறையற்ற வணிகம் ஆகும். அதற்குரிய கெடு விலைச்சீட்டிற் குறித்த காலம். சீட்டிற் காலம் குறிக்கப்படாவிடின், 30 நாட்கள்.