'எ', 'தி' தெரிவும் தமிழின் 'ஐ' உருபும்

முன்னுரை

ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் 'எ', 'ஆன்', 'தி' ஆகியவற்றை ஆர்டிகிள் என்பர். இவற்றுக்கு நேரான சொல்வகை தமிழில் இல்லை. ஆகவே 'எ' என்பதற்கு 'ஒரு' என்றும், 'தி' என்பதற்கு 'அந்த' என்றும் பொருள் கூறிக் கற்பிக்கும் வழக்கம் உள்ளது. சொற்பிறப்பு நோக்கில் இதற்கு இடமுண்டு. முன்னது பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்னும் எண்ணைக் குறித்த சொல்லிலிருந்தும், பின்னது சுட்டுச்சொல்லிலிருந்தும் தோன்றியவை. 'எ', 'ஆன்' வேறுபாடு அடுத்துவரும் ஒலியைப் பொறுத்தது. 'ஒரு', 'ஓர்' அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஆயினும் 'எ', 'தி' ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவதற்கு மேற்கண்ட சமன்பாடு போதாது. தமிழில் அத்தெரிவோடு நெருங்கிய தொடர்புடையது இரண்டாம் வேற்றுமை உருபே என்பதையும், அத்தொடர்பின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

'அந்த' பொருந்தாமை

'நேற்று ஒரு திருமணத்திற்குச் சென்றேன். மணமகள் மருத்துவர்' என்னும் கூற்றில் மணமகள் முதன்முறையாகவே குறிக்கப்படுகிறாள். ஆயினும் ஆங்கிலத்தில் அங்கே 'தி' வரும். திருமணம் என்றதும் மணமகள் ஒருத்தி உண்டென்பது பெறப்படுகிறது. முதன்முறை 'எ', மறுமுறை 'தி' என்னும் வகுப்பறை விதி இங்கே தவறுகிறது. தமிழில் 'அந்த மணமகள்' என்றால் இயல்பு கெடும். சூரியனைக் குறிக்கவும் ஆங்கிலம் 'தி' இடுகிறது. அதனை 'அந்தச் சூரியன்' என எவரும் பெயர்ப்பதில்லை. பேசுவோர் குறிப்பது இன்னதெனக் கேட்போர் இனங்காண இயலும் என்பதே 'தி' வருவதற்கு அடிப்படை. முன்னர்க் கூறப்பட்டிருத்தல் அதற்குரிய வழிகளுள் ஒன்று மட்டுமே.

'ஐ' உருபின் பணி

'நூல் வாங்கினேன்' என்பது ஆங்கிலத்தில் 'எ' பெறும். 'நூலை வாங்கினேன்' என்பது பெரும்பாலும் 'தி' பெறும். இவ்விணையை மட்டும் கண்டு, உருபு தொக்கால் 'எ', விரிந்தால் 'தி' என விதி வகுத்தல் அவசரமாகும். 'ஒரு மருத்துவரைப் பார்த்தேன்' என்பதில் உருபு விரிந்தும் 'எ' வருகிறது. உயர்திணைச் செயப்படுபொருள் இன்றைய வழக்கில் பொதுவாக உருபின்றி வருவதில்லை. 'பெண் பார்த்தல்' போன்றவை விலக்கு.

அஃறிணையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 'ஒரு வீடு தேடுகிறேன்' என்பவருக்கு ஏற்ற வீடு எதுவாயினும் போதும். 'ஒரு வீட்டைத் தேடுகிறேன்' என்பவர் குறிப்பிட்ட வீடொன்றை மனத்தில் கொண்டுள்ளார்; கேட்போர் அதனை அறியார். தமிழ் பிரித்துக் காட்டும் இவ்விரண்டிற்கும் ஆங்கிலம் 'எ' என்னும் ஒன்றையே வழங்குகிறது. இங்கே 'ஐ' பேசுவோரின் உட்கோளைச் சார்ந்து நிற்கிறது. 'தி' கேட்போரின் அறிவைச் சார்ந்து நிற்கிறது. இரண்டும் பல இடங்களில் ஒத்துவருவதாலேயே ஒன்றெனத் தோன்றுகின்றன.

எழுவாய்க்கு இவ்வுருபு இல்லை. அங்கே சொல்வரிசை துணைசெய்கிறது. 'மேசைமேல் நூல் இருக்கிறது' என்பதை ஆங்கிலமாக்கும்போது 'எ' பொருந்தும். 'நூல் மேசைமேல் இருக்கிறது' என்பதற்குத் 'தி' வேண்டும். இரண்டிலும் 'ஒரு' இல்லை, 'அந்த' இல்லை. தமிழ்வழி பயிலும் மாணவர் இங்கே தேடவேண்டியது அச்சொற்களை அன்று. எந்த நூல் என்பது கேட்போருக்கு முன்பே தெரியுமா என்பதையே.